நாநாவின் தனிப் பீங்கான்

பெருநாள் தொழுகை முடிந்து வந்த கணவர் ஷிராஸுக்கு மஸீனா தனிப் பீங்கானில் சோறு வைத்ததுதான் தாமதம், அவர் தங்கை றிப்தா பொங்கிவிட்டாள்.

"எங்கட நாநா என்ன பிச்சைக்காரனா மதினி? நாங்க ஒரே சஹன்ல கை வெச்சுத் தின்ன, அவருக்கு மட்டும் மூலையில வேற சோறா?"

கெலிஓயாவில் அந்த வீட்டுக்குப் பெருநாள் என்றால், பெரிய தட்டமான சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து உண்பதுதான்.

மஸீனா எப்படி வாய் திறப்பாள்? பதினொரு வருடத்துக்கு முன் ஷிராஸ் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். விஷயம் தெரிந்தால் தங்கை இந்த வாசற்படி மிதிக்கமாட்டாள் என்று அவருக்குப் பயம். அவரைவிட அவளுக்குப் பயம்!

"நெய்ச்சோறு இல்ல, இறைச்சி இல்ல, உப்பும் இல்ல! நீங்க பட்டினி போட்டுத்தானே நாநாக்கு நெஞ்சு வருத்தமே வந்தீக்கு!"

இருதய நோய் வந்த பிறகுதான் உப்பே குறைந்தது. அதையும் மஸீனா விழுங்கிக்கொண்டாள். கண்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

"போதும் தங்கச்சி!" ஷிராஸ் எழுந்தார். "மதினிய ஏசாதே... எனக்கு எச்.ஐ.வி. ஈக்கு. டுபாய்ல வேலைக்கு ஈக்கக்கொள்ள வந்தது."

றிப்தா சஹனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மருந்தால கிருமி அடங்கிட்டு. ஒண்டாத் தின்னா தொத்தாது. ஆனா உடம்பு உள்ளுக்கு இன்னும் சண்டை பிடிக்கிறத நிப்பாட்டலயாம். அதுல ரத்தக் குழாய் புண்ணாகி இருதயம் பழுதாகுதாம், டொக்டர் செல்றார். அதுக்குத்தான் இந்தச் சோறு. மதினியும் ரெண்டு வருஷமா இதத்தான் தின்னுறா... எனக்குத் துணைக்கு."

றிப்தா கைப்பையை எடுக்கப்போகிறாள் என்று மஸீனா நினைத்தாள்.

றிப்தாவோ நெய்ச்சோற்றுச் சஹனைத் தள்ளிவைத்தாள். குசினிக்குப் போய் வேறொரு சஹனையும் உப்பில்லாச் சோற்றுப் பானையையும் கொண்டுவந்தாள். நாநாவின் பீங்கானில் இருந்ததையும் அதிலேயே கொட்டினாள்.

"வாங்க நாநா, இதத் தின்போம்."

முதல் பிடியை வாயில் வைத்ததும் முகம் கோணியது.

"யா அல்லாஹ்! இதையா மதினி ரெண்டு வருஷமா..."

மஸீனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சோறு ஆறுது புள்ள, தின்னு," என்றாள் மஸீனா. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.