இடது காது

ஆயுத பூசைக்காக எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியாகிவிட்டது. அலை வீசும் பெட்டிக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சாமந்திச் சரத்தை மாட்டிய பிறகுதான் செந்தமிழ்ச்செல்வி கவனித்தாள். கூண்டிலிருந்த எலிகள் எல்லாம் வழக்கம்போல இடது காதைக் கம்பியில் அழுத்தி, அந்தப் பெட்டியையே கேட்டுக்கொண்டிருந்தன. பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தாள். ஓர் எலிகூட அசையவில்லை.

செல்போன் கோபுரத்து அலை உயிர்களை என்ன செய்கிறது என்று அரசாங்கம் நடத்தும் ஆராய்ச்சி அது. எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தேய்த்துத் தேய்த்து அவற்றின் காதோரம் முடி கொட்டி, ரோசா நிறத்தில் வட்டமாகத் தோல் தெரிந்தது. டெல்லி அதிகாரிகள் வந்தபோது, "அதுங்கள எடுத்துட்டு நல்லதா மாத்தி வெச்சிரும்மா. இல்லன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க," என்றார் விஞ்ஞானி கோபிநாத். மாற்றி வைத்தாள்.

அதோடு விட்டாளா? அடுத்த வீட்டு மாடியில் கோபுரம் வைக்க வந்தவர்களைத் தெருப் பெண்கள் மறித்தபோது, "நான் அங்கதான வேல பாக்கறேன்? ஒண்ணும் ஆவாது, விடுங்க," என்று அந்தப் பெண்களைக் கலைத்ததும் இவள்தான். கோபுரத்தை ஒட்டிய சுவரோரம்தான் மகள் சுடர்விழி படுக்கிறாள். கொஞ்ச நாளாகத் தலையைக்கூட அம்மாவைத் தொடவிடாமல் தானே வாரிக்கொள்கிறாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பொரிப் பொட்டலத்தோடு வீடிருக்கும் முத்தியால்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். தெருவெங்கும் சாம்பிராணிப் புகை, பூசணிக்காயின் பச்சை வாசம். காய்க்குள் வைத்து உடைத்த சில்லறை குங்குமத்தோடு தரையில் அப்படியே கிடந்தது. பொறுக்க ஒரு பிள்ளைகூட இல்லை.

எதிர்வீட்டு வாசலில் கமலவேணி நின்றாள். "செல்வி, எம் பையன் செவுத்தவுட்டு வரவே மாட்டேங்கறான். இது ஒண்ணுமில்லதான?"

"ஒண்ணுமில்லக்கா." வாய் தானாகச் சொன்னது. தூ என்று தன்மீதே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

தன் வீட்டுக்குள் ஓடினாள்.

வீட்டில் விளக்கில்லை. சுவரோரம் மகள். சுவரில் இடது காது. கண் சிமிட்டவில்லை.

"பாப்பா."

தோளைப் பிடித்து இழுத்தாள். ஒரு கற்றை முடி சுண்ணாம்பிலேயே ஒட்டி நின்றது. காதோரம் வட்டம். ரோசா நிறம்.

"ஷ்ஷ்... உன் கொரல்லயே பேசுதும்மா," என்றாள் மகள். "ஒண்ணும் ஆவாதாம்."

மறுபடி காதை வைத்தாள். தேய்க்கத் தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கமும் தேய்க்கும் சத்தம்.