ஒண்ணையும் விட்டுட்டுப் போகாதே

சீப்பில் சிக்கியிருந்த முடியைக்கூட அம்மா விடவில்லை. ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, விரலில் சுருட்டி, ஒரு காகிதத்தில் மடித்து, பாப்புவின் அட்டைப்பெட்டிக்குள் ஒரு மூலையில் செருகினாள்.

"குப்பையில போடுறத எதுக்கும்மா பெட்டியில வைக்கிற?"

"உன்னுதுதானே. எடுத்துட்டுப் போ."

பாப்பு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து வேறு ஏதாவது கிடக்கிறதா என்று துழாவத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் பாப்பு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குச் சேர்ந்த பிறகும் வீட்டில் அந்தப் பெயர் மாறவில்லை. அந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, மூன்றாவது மாடியில், ஒரு படுக்கையறையும் கையகலச் சமையலறையுமாக அவளுக்கு ஒரு வீடு அமைந்திருந்தது. முதல்முறையாகத் தனிக்குடித்தனம். இந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. தனியா இருக்கிறதுக்கா உன்னைப் பெத்தேன் என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்பா பேச்சையே நிறுத்திக்கொண்டார். அண்ணன், "உனக்குச் சுடுதண்ணி வைக்கவே ஆள் வேணும்" என்று கிண்டல் செய்தான். அப்புறம் ஒரு நாள் காலையில் அவள் பல் தேய்த்துவிட்டு வந்தபோது, மூன்று பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் தூங்கிய களை இல்லை.

"போறதுன்னா சீக்கிரம் கிளம்பு" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினாள், போர்வைகளை மூட்டையாகக் கட்டினாள், டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பெட்டிகளின் வாயை ஒட்டினாள். ஆனால் ஒட்டிய பெட்டிகளை அம்மா திரும்பத் திரும்பப் பிரித்தாள். பாலர் பள்ளிக்குப் போட்டுப்போன ஒற்றை ஷூ, பல்பதிந்த பென்சில், சாயம்போன ரிப்பன், எப்போதோ உடைந்த வளையலின் பாதி, எல்லாம் எங்கெங்கிருந்தோ புறப்பட்டு வந்து உள்ளே போயின. சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றி அதையும் கொடுத்தாள். கூடத்து டிவியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உப்புத்தாளை வைத்துக்கொண்டு அப்பா கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாப்புவின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் அங்கேதான் இருந்தன.

"என்னப்பா, நான் இங்க பொறக்கவே இல்லங்கிற மாதிரி பண்றீங்க?"

"பெயிண்ட் அடிக்கணும்மா" என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. மரத்தூள் அவர் முழங்கையெல்லாம் படிந்து, வியர்வையில் சேறாகியிருந்தது.

எதையோ மறைக்கிறார்கள். அது அவளுக்குத் தெளிவாகவே பட்டது. நோயாளிகள் வலியை மறைத்துக்கொண்டு நிற்பதைத் தினம் பார்க்கிறவள் அவள்.

முதல் நாள் பெட்டியின் அடியில் மடித்து வைத்த நீல நைட்டி மறுநாள் மாலை கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. அழுக்காயிருந்தது, துவைத்தேன் என்றாள் அம்மா. பாப்பு அதை முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, நெடுநாள் திறக்காத அலமாரிக்குள் ஈரத்துணியைப் போட்டுப் பூட்டினால் வருமே, அப்படியொரு வாடை, அதோடு ஒரு உடம்பின் வெதுவெதுப்பும். தன் உடம்பு வாசனை தனக்குத் தெரியாதா என்ன. இது அவளுடையது இல்லை.

குளித்துவிட்டு வந்தபோது தன் அறை வாசலில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கோ. அவ போயிடுவா."

"யார்கிட்டடா பேசுற?"

அவன் துள்ளித் திரும்பினான். "போன்ல" என்றான்.

அவன் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அறைக்குள் அட்டைப்பெட்டிகள் மட்டும்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பெண் விவகாரம். எவளையோ கல்யாணம் செய்து வைத்திருக்கிறான், இவள் அறை காலியானதும் கூட்டிவரப் போகிறார்கள், இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நைட்டியைப் போட்டுப் பார்த்ததுகூட அவளாகத்தான் இருக்க வேண்டும். நினைக்க நினைக்கப் பாப்புவுக்கு வயிறெரிந்தது. கேட்கக் கூடாது, அவர்களாகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள்.

வண்டி கிளம்பும்போது அம்மா கையை நீட்டினாள். "வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ."

"நான் வரணும்னா?"

"போன் பண்ணு. நாங்க வர்றோம். நீ வராத." அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "எதையாவது விட்டுட்டியா? நல்லா யோசி. ஒண்ணையும் விட்டுட்டுப் போகாத பாப்பு."

அப்பா அவள் கையைப் பிடித்தவர் விடுவதற்கு நேரமானது. அவர் உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

புது வீட்டில் முதல் இரண்டு நாளும் பெட்டி பிரிப்பதிலேயே போயின. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து, தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, அம்மாவுக்குப் போன் போட்டாள். சாப்பிட்டியா, தண்ணி வருதா, கதவைப் பூட்டினியா. அம்மா ஒப்பிப்பதுபோலக் கேட்டாள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"யாரும்மா போன்ல?"

எங்கேயோ கேட்ட குரல். யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

"அது யாரும்மா?"

"டிவி" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

டிவி பாப்புவுக்கு எதிரே, சுவரோரம், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் வழி நெடுக, அந்த மகாராணியின் முகத்துக்கு நேரே என்னென்ன கேட்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தெருவுக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீடுகளில் தாளிக்கும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும். அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. சத்தமில்லை. காம்பவுண்டுக்குள் கால் வைத்ததுமே அந்த வாடை. ஈரத்துணி வாடை.

சன்னல் திரை ஓரமாக விலகியிருந்தது. எட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசை. அப்பா. அண்ணன். அம்மா. சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

நான் நினைச்சது சரிதான் என்று ஒரு கணம் கோபமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை நின்றது.

அப்பா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார். அண்ணன் கண்களை இறுக மூடியிருந்தான். அம்மா அந்தப் பெண்ணுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். மெல்லும் சத்தம் மட்டும். நிதானமாக. ஈரமாக.

தன் முதுகைத் தானே பார்த்தவர் யார்? ஆனால் நாள் முழுக்க எக்ஸ்ரேவுக்காக முதுகுகளை நேராக நிறுத்துகிறவளுக்குத் தோள்கள் தெரியும். அந்த இடது தோளின் சரிவு. பின்கழுத்தில் சுழித்து ஏறிய முடி.

அம்மா நிமிர்ந்தாள். சன்னலைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன. தலையை அசைத்தாள், அசைத்தது தெரியாத அளவுக்கு. வேண்டாம். போ.

"யாரும்மா வெளிய?"

பாப்புவின் குரல். பாப்பு வாயைத் திறக்கவில்லை.

"யாருமில்ல பாப்பு" என்றாள் அம்மா. "நீ சாப்பிடு."

மெல்லும் சத்தம் நின்றது.

பாப்பு ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடிக்குக் கால் வரவில்லை. உள்ளே நான்கு பேரும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தார்கள். அந்த முதுகு திரும்பவில்லை. அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

வாசல் கதவின் உள்தாழ்ப்பாள், யாரும் தொடாமலே, மெல்ல, மிக மெல்ல, விலகத் தொடங்கியது.