போட்டாச்சு

ஊசியின் மூடியைப் பல்லில் கடித்தபடி குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துரையின் பிடரி ஏற்கெனவே ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை. புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, அது. இன்சுலின் ரோமத்தில் சிந்தினால் வருகிற வாடை.

வீட்டில் அவளையும் துரை என்கிற அந்தப் பூனையையும் தவிர யாரும் கிடையாது.

நாள் முழுக்கத் தையல் மெஷின் ஊசியோடு மல்லுக்கட்டுகிறவள்தான். ஆனால் இந்த மயிரிழை ஊசி மட்டும் அவளுக்கு ஆகாது. அதனால் துரைக்குக் காலையும் மாலையும் மருந்துக் குப்பியை உள்ளங்கையில் உருட்டி ஊசி போடுவது கணவரின் வேலையாகவே இருந்தது. மனிதர் பூனைக்குக் கொடுத்த மரியாதையைச் சொந்த மச்சானுக்குக்கூடக் கொடுத்ததில்லை. "துரை சாப்பிட்டாரா? சர்க்கரைக்காரர், வெறும் வயித்துல விடாதே" என்பார். கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி முற்றியது. போட்டதை மறந்து ஒருநாள் மறுபடி போட்டுவிட, துரை சர்க்கரை இறங்கி, கால் இழுத்துச் சுருண்டு விழுந்தது. ஈறில் தேனைத் தடவித் தடவித்தான் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்: போட்டவர் உரக்கச் சொல்ல வேண்டும், 'போட்டாச்சு' என்று.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட முடியவில்லை.

பூனை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்கம்மா. சந்தேகமா இருந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரெண்டு தரம் உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"நான் போடலையே, டாக்டர்."

"பின்ன யாரு வந்து போட்டுட்டுப் போவாங்க?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

ஊசியை மேஜையில் வைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தெருவில் எவரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தமும், மாடிவீட்டுக் குழாயின் சொட்டும் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகு, சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மெல்லப் பிரிவதும், மருந்துக் குப்பி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருள்வதும், உருளும்போதெல்லாம் ஒரு மோதிரம் கண்ணாடியில் உரசுவதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன. துரை காதை நிமிர்த்தி, தொண்டைக்குள் குறுகுறுவென்று சந்தோஷப்பட்டது.

"போட்டாச்சு."

அவர் குரல்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்றிருந்தது. பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. அதில் ஆள் கிடையாது. எவர் போட்டாலும் போட்டாச்சுதான். எத்தனை தரம் போட்டாலும் போட்டாச்சுதான்.

ஃபிரிட்ஜ் கதவு மறுபடி பிரிந்தது. குப்பி மறுபடி உருண்டது.

செத்த பிறகும் மனிதருக்கு மறதி போகவில்லை.

"வேணாங்க!" என்று கத்தினாள். "நீங்க போட்டுட்டீங்க. அப்பவே போட்டுட்டீங்க!"

அவள் கண்ணெதிரில் துரையின் பிடரித் தோல் தானாக மேலெழுந்தது. இரண்டு விரல் பிடித்துத் தூக்கியதுபோல. ரோமம் விலகியது. தோல் தாழ்ந்தது. புது ஈரம்.

"போட்டாச்சு."

துரை எழுந்து அவளிடம் வரப் பார்த்தது. பின்னங்கால்கள் வழுக்கின. தலை ஆடியது. இதற்கு முன் எத்தனை தரம் உள்ளே போயிருக்கிறதோ.

தேன் சமையலறையில் இருந்தது.

ஓரடி எடுத்து வைத்தாள். உள்ளே குப்பி உருண்டது. அங்கேயே திரும்பினாள்.

மண்டியிட்டு விழுந்து பூனையை அள்ளினாள். வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அதன் பிடரியைப் பொத்தினாள். அதன் மேலேயே கவிழ்ந்துகொண்டாள். விட மாட்டேன். இதை மட்டும் விட மாட்டேன்.

குப்பியின் சத்தம் நின்றது.

காலடி இல்லை. மூச்சு இல்லை. பிளாஸ்திரி வாடை மட்டும். கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில்.

கைக்குள் துரை நடுங்கியபடி, அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது.

அவளுடைய பின்னலை, மிகுந்த அன்போடு, ஏதோ ஒன்று ஒதுக்கியது. பிடரியில் இரண்டு குளிர்ந்த விரல்கள். தோலைப் பிடித்தன. தூக்கின.