மறு உத்தரவு வரும்வரை

அந்தப் பக்கத்தின் கடைசி வரியை நாகேஸ்வரி எழுதியிருக்கவில்லை.

பருப்பு அடிப்பிடிக்கும் மணம் வந்ததும், குறிப்பைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுக் குசினிக்கு ஓடியிருந்தாள். திரும்பி வந்தபோது வாக்கியம் முடிந்திருந்தது. அதன் கீழே தனியாக இன்னொரு வரி: ‘மறு உத்தரவு வரும்வரை.’ எழுத்து அவளுடையதுதான். ‘று’வின் வாலை அளவுக்கு மேல் சுழித்துவிடும் பழக்கம்கூட அப்படியே இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மை காயவில்லை.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் வாசுதேவன் ரயில்வே வேலைத்தளத்துக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் போயிருந்தான். எழுபத்தாறாம் ஆண்டு ஜூலை மாதம், ஆஸ்திரேலியக் குளிர்காலம். கிரவீனில் நல்ல வெயில், ஆனால் மெல்லிய ஃபைப்ரோ தகட்டுச் சுவர்களுக்குள் குளிர் பச்சைத் தண்ணீர்போல் தேங்கி நின்றது. மண்ணெண்ணெய் ஹீட்டர் மணத்துக்கு அடியில் வேறொரு மணம், உருகிய மெழுகுபோல, அறைக்குள் மெல்ல நடமாடியது. தூரத்தில் ஒரு ரயில் போய் அடங்கியது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூன்று வருடங்களாக அவள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆராய்ச்சியில் இருந்தாள். பதின்மூன்றாம் லூயி மன்னனின் பெயரால் பிரான்சை நடத்திய முதன்மை மந்திரி ரிஷ்லியூவின் ஆட்சி பற்றியது அது. மன்னனின் கையெழுத்தை அப்படியே எழுதத் தெரிந்த செயலாளர்கள் அந்தக் காலத்து அரண்மனைகளில் இருந்தார்கள். எது மன்னன் எழுதியது, எது செயலாளன் எழுதியது என்று பிரித்தறிய, பாரிசிலிருந்து தருவித்த பிரதிகளைப் பார்த்துத் தானும் எழுதிப் பழகினாள். எட்டு மாதம். மன்னனின் எழுத்தில் ஒரு வரி போதும், ஒரு மனிதனைக் கோட்டைக்குள் அடைத்துவிடலாம். குற்றம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எத்தனை காலம் என்றும் சொல்லத் தேவையில்லை. அந்த வரியைத் தன் கையால் பிசகில்லாமல் எழுதி முடித்த நாளில் உடம்புக்குள் ஓடிய இனிப்பான சூட்டை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முன்கதவு திறந்தது. வாசுதேவன்.

“என்னப்பா, இவ்வளவு வெள்ளன வந்திட்டீங்கள்?”

“நீர்தானே வரச்சொல்லி எழுதியிருந்தீர்.”

மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தான். சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்ததாம். ‘வேலையை விட்டு உடனே வரவும். மறு உத்தரவு வரும்வரை பின் அறையில் இருக்கவும். காரணம் கேட்க வேண்டாம்.’ அவளுடைய ‘று’. அவளுடைய கையொப்பம்.

“நான் எழுதேல்லை.”

அவன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எதற்கும் நாலு கேள்வி கேட்டுச் சண்டை பிடிக்கிற மனிதன்.

அவள் பருப்பைச் சூடாக்கினாள். சோறு போட்டாள். சோறு ஆறியது.

“பகிடியை விட்டிட்டுச் சாப்பிட வாங்கோ.”

“உத்தரவு வரேல்லை.”

கதவைத் திறந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், கைகளை முழங்காலில் வைத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தான். கையைப் பிடித்து இழுத்தாள். தரையில் ஊன்றிய கம்பத்தை இழுப்பதுபோல் இருந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை.

அவன் கண் முன்னாலேயே ஒரு தாளில் எழுதினாள்: ‘மறு உத்தரவு: வெளியே வாருங்கள். நாகேஸ்வரி.’

அவன் தாளை வாங்கி, எழுந்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு அவள் பிரதிகளைப் பார்ப்பாளே, அதே நிதானத்தோடு பார்த்தான்.

“இது உம்மட எழுத்தில்லை.”

“உங்களுக்கு முன்னாலதானே எழுதினனான்.”

“ஆரோ உம்மைப்போல எழுதப் பழகியிருக்கினம்,” என்றான். தாளை நாலாகக் கிழித்தான். மறுபடி கதிரையில் இருந்தான்.

அவள் மறுபடி எழுதினாள். இன்னொரு தடவை. பத்தாவது தாளில் ‘று’வின் வால் வரவில்லை. அவளுக்கே அது யாரோ எழுதியதுபோல் தெரிந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முன் அறைக்கு ஓடினாள்.

புத்தகம் நிரம்பியிருந்தது.

பக்கம் பக்கமாகக் கட்டளைகள். பேராசிரியருக்கு. தபால்காரருக்கு. மூலைக் கடைப் பெண்ணுக்கு. தெருவில் வீட்டு இலக்கம் வாரியாக எல்லோருக்கும். தமிழில் அல்ல, அவள் பரீட்சைத் தாள்களில் எழுதுகிற நேர்த்தியான ஆங்கில எழுத்தில். ஒவ்வொரு தாளின் மூலையும் கிழிக்கப்பட்டிருந்தது, அனுப்பியாயிற்று என்பதற்கு அவள் இடும் அடையாளம்.

கடைசிப் பக்கத்துக் கட்டளை அவளுடைய பெயருக்கே.

தொலைபேசியை எடுத்தாள். பேராசிரியரின் வீட்டு எண். மறுபக்கம் அவர் குரல் மரியாதையாக இருந்தது. “உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டபடி உங்கள் மேசையைக் காலி செய்துவிட்டோம். யாராவது உங்கள் பெயரில் பேசினால் நம்பக்கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள்.” வைத்துவிட்டார்.

முன்கதவுக்குப் போய்த் திறக்கப் பார்த்தாள். கைப்பிடி திரும்பியது. கதவு ஒரு அங்குலம் அசைந்து எதிலோ முட்டி நின்றது.

சுத்தியல் சத்தம்.

யன்னலுக்கு ஓடினாள். வெளியே பக்கத்து வீட்டு மிஸ்டர் கொலின். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் நீட்டுகிற மனிதர். வாயில் ஆணிகள். கையில் பலகை. சட்டைப் பையில் மடித்த தாள்.

“மிஸ்டர் கொலின். ப்ளீஸ்.”

அவர் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார். “சொறி, லவ்,” என்றார், அவளை எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே. உண்மையாகவே வருந்தினார். பலகையை வைத்தார்.

அடி. இன்னொரு அடி. வெளிச்சம் பாதியானது.

பின் அறை யன்னலிலும் அடி. குசினியிலும். குளியலறையிலும்.

“என்னப்பா,” என்று கத்தினாள். பின் அறையில் கதிரை அசையவில்லை.

கடைசிப் பலகைக்கு முன் ஒரு விரல் அகலத்தில் இடைவெளி மிஞ்சியிருந்தது. அதில் கண்ணை வைத்தாள். வெளியே பளிச்சென்ற வெயில். புல்வெளியில் தபால்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் மூலைக் கடைப் பெண். அவளுக்குப் பின்னால் தெருவின் கடைசி வீடுவரை, அதையும் தாண்டி ஸ்டேசன் பக்கமாக, ஆணும் பெண்ணும் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். யாரும் பேசவில்லை. யாரும் முந்தவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை இருந்தது.