ஐந்தாவது ஆள் எழுதியது

வெள்ளிக்கிழமை, பகல் 1.10.

எக்ஸ்ரேக்காரர் பெட்டியைத் திறந்தார். நான்கு தாள்கள் இருந்தன. கவிழ்த்துத் தட்டினார். ஐந்தாவது விழவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தச் சிறிய மருத்துவமனையில் மற்றவர்களின் எலும்பைப் படம் பிடிப்பது அவர் வேலை. மிச்ச நேரத்தில் நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்கியிருந்தார். வெள்ளம் வடிந்த ஊரில் காணாமல் போன அக்காவைத் தேடி அலையும் தங்கையின் கதை. கத்துக்குட்டிகளுக்கான போட்டிக்குத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஓய்வறைக் கணினியில் ஐந்து பேரை விளையாடவைத்து, கருத்தை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். பெயர் வேண்டாம், உண்மை போதும் என்றார்.

1.25.

"நாலு தாள்லயும் 'சூப்பர்'னு எழுதியிருக்கு, மருந்தக்கா. நாலு பேருமே ரெண்டாவது அத்தியாயத்துல எழுந்து போயிட்டாங்க. கணினியில பதிவாயிருக்கு. ஒரே ஒருத்தர்தான் முடிச்சிருக்கார். அவர் தாளைத்தான் காணோம். அது இல்லாம நான் அனுப்பப் போறதில்ல. எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு இருக்கேன்."

மருந்தக்கா என்பவர் மருந்தகப் பொறுப்பாளர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார்; அடுத்தவர் விவகாரத்தையும் அப்படியே. அந்த ஐந்து பேரில் தன்னைச் சேர்க்காததில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் வேறு.

"அழிக்கிறதை அப்புறம் பார்க்கலாம், தம்பி. பெட்டியைக் காட்டு."

அது மருத்துவமனையின் பழைய புகார்ப் பெட்டி. தகரம். பூட்டு சேதப்படவில்லை. சாவி எக்ஸ்ரேக்காரரின் பையைவிட்டு அகலவில்லை. மேலே விரல்கூட நுழையாத மெல்லிய பிளவு. அதன் இரு ஓரங்களிலும் பெயிண்ட் புதிதாகச் சுரண்டியிருந்தது. பிளவின் ஓரத்தில் வளைந்த ஸ்டேப்ளர் பின் ஒன்று சிக்கியிருந்தது. அக்கா அதை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

1.40. வரவேற்பு மேஜை. அங்கே இருப்பவர் எக்ஸ்ரேக்காரரின் மனைவி.

"பெட்டி எப்பவும் உன் மேஜையிலதானே இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"யாராவது திறந்தாங்களா?"

"இல்ல."

"உள்ளேருந்து எதாவது எடுத்தாங்களா?"

"சத்தியமா இல்ல."

மூன்று பதிலும் உண்மை என்று அக்காவுக்குத் தோன்றியது. அதுதான் உறுத்தியது.

2.15. ஓய்வறை.

விளையாட்டை முடித்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'வழிப்போக்கன்'. அவர் உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும் திரையில் வரிசையாக இருந்தன. திங்கள் 11.00 முதல் 11.07 வரை. 2.30 முதல் 3.52 வரை. செவ்வாய் 9.15 முதல் 9.19 வரை. இப்படி இருபத்தாறு தடவை. புதன் மாலை 4.50க்கு முடித்திருந்தார்.

"பாதிப் பேச்சுல எழுந்து ஓடியிருக்காரே," என்றார் எக்ஸ்ரேக்காரர். "அவ்வளவு அறுவையா?"

அக்கா தன் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பும்போதெல்லாம் முதலுதவிப் பை அவர் கையெழுத்தோடுதான் போகும். திங்கள் 11.09. 3.54. செவ்வாய் 9.21.

"அழைப்பு வந்திருக்கு. எழுந்திருக்கார். உன் வழிப்போக்கன் நம்ம டிரைவர் அண்ணன்தான்."

"அவரா? ரெண்டு நாளா என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாரே!"

டிரைவரைக் கேட்கவும் வழியில்லை. காலையிலேயே ஒரு நோயாளியை வெளியூருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

3.05. அக்கா கணவன், மனைவி இருவரையும் மருந்தகத்தின் பின்னறையில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார்.

"பெட்டியிலிருந்து எதுவும் திருடு போகல. அந்தக் கருத்து பெட்டிக்குள்ள போகவே இல்ல."

"அப்படின்னா?"

"கருத்துன்னா ஒரு தாள்தான்னு நாம எல்லாருமே நினைச்சுக்கிட்டோம். ஒரு தாளுக்கு எதுக்கு ஸ்டேப்ளர் பின்? பெயிண்ட் ஏன் சுரண்டணும்? டிரைவர் ஒரு கட்டுத் தாளே எழுதியிருக்கார். திணிச்சுப் பார்த்திருக்கார். நுழையல. பெட்டிக்குப் பக்கத்துல யார் உட்கார்ந்திருக்கா? வீட்டுக்காரிகிட்ட கொடுத்தா போய்ச் சேர்ந்திடும்னு கொடுத்திருப்பார். ரெண்டு நாளாகியும் நீ ஒரு வார்த்தை கேட்கலன்னுதான் முகத்தைத் திருப்பியிருப்பார், தம்பி. நீ ஒரு பொய்யும் சொல்லலம்மா. நான்தான் கேள்வியைத் தப்பாக் கேட்டேன்."

மனைவி தலைகுனிந்தார். கைப்பையிலிருந்து அந்தக் கட்டு வெளியே வந்தது. பத்தொன்பது பக்கம்.

"போன வருஷம் எவனோ இந்த விளையாட்டைப் பத்தி 'குப்பை'ன்னு ஒரு வார்த்தை எழுதினான். எட்டு மாசம் கணினிப் பக்கமே போகல இவர். சரியாச் சாப்பிடல. இதுல முதல் வரியைப் பார்த்ததும் மறுபடி அப்படி ஆயிடும்னு பயந்துட்டேன். ஒளிச்சு வெச்சிட்டேன்."

முதல் வரி: 'இரண்டாவது அத்தியாயம் பொய்.'

எக்ஸ்ரேக்காரர் பக்கத்தைப் புரட்டினார்.

'அப்பா வெள்ளத்தில் போய்விட்டார் என்று தங்கைக்குச் சேதி வருகிறது. நான் பொத்தானை அமுக்கினேன். உடனே ஓடுகிறாள். பதினாறு வருடமாக அப்படிச் சேதி கேட்டவர்களை வண்டியில் ஏற்றியிருக்கிறேன். யாரும் ஓடியதில்லை. காலில் கிடக்கும் செருப்பையே தேடுவார்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பொத்தான் வேலை செய்யாமல் இருக்கட்டும்.'

"நாலு பேரும் எழுந்து போனது இதே இடத்துலதான்," என்றார் எக்ஸ்ரேக்காரர், வாய்க்குள்ளேயே.

எந்தப் புதிரில் எத்தனை நிமிடம் சிக்கினார், எந்தக் குறிப்பு போதவில்லை, எது தேவைக்கு மேல் என்று பக்கம் பக்கமாக இருந்தது. பதினெட்டாம் பக்கத்தில்: 'முடிவில் கை வைக்காதீர்கள். அக்கா கதவைத் திறந்ததும் எனக்குத் திரை தெரியவில்லை. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.'

கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. படம்.

அந்த ஊரின் வரைபடம். தெருக்கள், திருப்பங்கள், பாலம், மணிக்கூண்டு எல்லாம் இருந்தன. கிணற்றடியிலிருந்து மணிக்கூண்டுக்கு இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், 'இந்தச் சந்து வழியாகப் போனால் மூன்று நிமிடம் மிச்சம்.'

"அங்க சந்து கிடையாதே. நான் வைக்கவே இல்லையே!"

மூவரும் ஓய்வறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். தங்கை கிணற்றடியில் நின்றாள். எக்ஸ்ரேக்காரர் அவளை இரண்டு சுவர்களை நோக்கித் திருப்பினார். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு இடைவெளி. எப்போதோ வீடுகளைச் சரியாக ஒட்டாமல் விட்டிருக்கிறார். தங்கை உள்ளே நுழைந்தாள். இருட்டு. பிறகு எதிரே மணிக்கூண்டு, அவர் ஒருபோதும் பார்த்திராத பக்கத்திலிருந்து, வானம் முழுக்க எழுந்து நின்றது.

மருந்தக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"நான் கட்டின ஊரு," என்றார் எக்ஸ்ரேக்காரர். "இங்க ஒருத்தர் குடியிருந்திருக்கார்க்கா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. நான் ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். நீங்க திருத்துங்க."