தாழிக்குச் சொன்ன வார்த்தை

தாழி வியர்த்திருந்தது.

மே மாதத்து வெயிலில், ஓட்டுக்கூரையின் கீழ் காற்றே அசையாத அந்த வகுப்பறையில், தண்ணீர் ஊற்றிவைத்த புதுப்பானை போல அதன் வயிற்றில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதை ஞானபூரணி டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றாள். அடியில் கை நுழையும் அளவுக்கு உடைசல். ஒரு சொம்புத் தண்ணீர்கூட அதில் நிற்காது.

வைப்பாற்றங்கரையில் மண் வெட்டியபோது கிடைத்த முதுமக்கள் தாழி. ஆளை உட்காரவைத்து மூடலாம், அவ்வளவு பெரிது. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் சும்மாதானே கிடக்கிறது என்று, அதையும் உடன் கிடைத்த கிண்ணங்களையும் வைத்து ஊர்ச் சனங்களுக்கு ஒரு கண்காட்சி நடத்த அவள்தான் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினாள். ஒன்பது நாளாக வாத்தியார்களும் கடைக்காரர்களும் வந்து போனார்கள். இன்று ஞாயிறு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வரும் நாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். அவர்களுக்காகத்தான் இதைத் தொடங்கியதே.

"ஒரு பொம்பளை பயந்து அலறினாலும் அன்னைக்கே பூட்டிருவேன்," என்று பள்ளிக்கூட மேனேஜர் தேவாசீர்வாதம் சொல்லியிருந்தார். "பேய்க் கொட்டகை நடத்தவா மிஷன் கட்டடம் குடுத்திருக்கு?"

முந்தானையால் தாழியைத் துடைத்தாள். துணியில் ஏறியது மண்வாசம் இல்லை. நெடுநாள் குளிக்காத தலையின் எண்ணெய் வாசம்.

பெண்களைத் திரட்டி வருவதாகச் சொன்ன சோலையம்மாள் முன்கூட்டியே வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, இது செத்தவுகளப் போட்ட பானைன்னு எழுதி வச்சிருக்கீகளாமே. எங்க பக்கம் அப்படிச் சொல்லமாட்டாக. அந்தக் காலத்துல சில பேரு வயசாகி, கைக்குழந்தையாட்டம் சுருங்கியும் சாகாமக் கெடப்பாகளாம். அவுகளச் சோத்தோட, உசுரோட வச்சு மூடுறதாம்."

"அதெல்லாம் கதை."

"கதையா இருந்தாச் சரிதான். சாயங்காலம் பூட்டிட்டுப் போறப்ப எதுவும் சொல்லிக்கிடுவீகளோ?"

ஞானபூரணிக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து கிளம்பினாலும் நாக்கு தானாகச் சொல்லும் வார்த்தைதானே. "வாரேன்னு சொல்லுவேன். போறேன்னா சொல்லுவாக?"

சோலையம்மாள் சிரிக்கவில்லை. "எழவு வீட்டுல வாரேன்னு சொல்லப்படாதுல்லா? சொல்லாமத்தான் எந்திரிச்சு வரணும். சொன்னா, வருவீகன்னு காத்துக் கெடப்பாகள்ல. எத்தனை நாளாச் சொல்றீக?"

ஒன்பது.

"மத்தவுகளக் கூட்டியாரேன். நீங்க வெளிய வந்து நில்லுங்க." அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

ஞானபூரணி வெளியே போகவில்லை. இது என் கண்காட்சி, நான் ஏன் போக வேண்டும்? தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காத அந்த மூன்று மணி வெக்கையில், ஓடுகள் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தத்துக்கு அடியில், அவளுக்கு இன்னொன்று கேட்டது. மெதுவாக. விடாமல். கிண்ணத்தின் அடியை நகத்தால் வழித்துத் தின்பது போல. தாழிக்குள்ளிருந்து.

"யாரது?" நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரலில் அதட்டினாள்.

சத்தம் நின்றது.

அதட்டலுக்கு அடங்கியது. அப்படியென்றால் அதற்குப் பேச்சு புரிகிறது.

வாசலில் பேச்சுக்குரல். முப்பது பெண்கள், மஞ்சள் பூசிய முகங்கள். முன்னால் நின்ற ராக்காயி தாழியைக் கண்டதும் பின்வாங்கினாள். "ஆத்தாடி, உள்ள என்னமோ இருக்குடீ!"

"உன் மாமியாதான் இருப்பா, எட்டிப் பாரு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது.

"நில்லுங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. பாருங்க."

ஞானபூரணி குனிந்து, தோள்வரை கையைத் தாழிக்குள் விட்டாள்.

குளிர். ஈரம். மண்.

பிறகு மயிர்.

கைக்குழந்தையின் தலையளவே இருந்த ஒன்று அவள் உள்ளங்கைக்குள் தன்னைப் பொருத்திக்கொண்டது. பல்லில்லாத ஈறு கட்டைவிரலைக் கவ்வியது.

கத்தினால் பூட்டிவிடுவார்கள். இந்தப் பெண்கள் இனி எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதிக்க மாட்டார்கள்.

அவள் கத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. முகம் நிறையச் சிரித்தாள்.

"வரிசையா வாங்க. முதல்ல கிண்ணத்தப் பாருங்க. உங்க பாட்டன் பூட்டன் வனைஞ்சது."

ஒருத்தி படியேறினாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும்.

தாழிக்குள் சப்புவது வேகமெடுத்தது. முழங்கையில் இரண்டாவது வாய் பொருந்தியது.