மலப்பிரபாவின் பிரதி

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது, மாடியில் ஒருத்தர்கூட ஒரு படத்தைக்கூட ஏற்றவில்லை. ஆனால் சர்வர்களில் சேமிப்பு கூடிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொரு சதவீதம் என்று ஸ்கிரீன் காட்டியது. மஹாந்தேஷ் ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினான். நாற்பத்திரண்டு.

கதக் நகரில் இருந்த அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் மூன்று சர்வர்கள் நின்றன. மலப்பிரபா, கடப்பிரபா, வரதா என்று ஆற்றுப் பெயர்களை வைத்தவன் அவன்தான். பதினோரு வருஷமாக வந்துபோன நோயாளிகளின் சதைத்துணுக்குப் படங்கள், நாற்பத்தோராயிரத்துச் சொச்சம், ஒவ்வொன்றும் மூன்றிலும் ஒவ்வொரு பிரதியாக இருந்தது. ஒன்று செத்தாலும் மற்ற இரண்டு காப்பாற்றும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் அவன் நிம்மதியாகத் தூங்குவான். நேற்று சாயங்காலம் மூன்றுக்கும் புது மென்பொருள் ஏற்றினான். சிக்கல் எதுவும் வரவில்லை. வேலை முடிந்ததும் வழக்கம்போல மூன்றுக்கும் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

இன்று காலை கதவைத் திறந்தபோதே ஒரு வாடை. ஞாயிற்றுக்கிழமை கசாப்புக்கடை வாசலில் ஈரச் சாக்கை மிதித்து நடக்கும்போது வரும் வாடை. குளிரூட்டியின் வறண்ட காற்றில் அது இருக்க வழியில்லை. மாடிப்படி மூலையெல்லாம் குட்கா எச்சில் காய்ந்து கிடக்கிற ஆஸ்பத்திரி இது, அங்கிருந்து செருப்பில் ஒட்டி வந்திருக்கும் என்று நினைத்துக் காலைத் தேய்த்துத் துடைத்தான். துடைத்த பிறகும் வந்தது. டீயில்கூட அந்த வாடைதான் அடித்தது. கருமம் என்று கோப்பையைத் தள்ளி வைத்தான்.

அப்போதுதான் எச்சரிக்கை வந்தது. ஒரே ஒரு படம். அதன் மூன்று பிரதிகளும் ஒரே மாதிரி இல்லை.

படத்தின் பெயரைப் படித்தான். சிவலீலா, முப்பத்தாறு வயது, நாக்கின் இடது ஓரம்.

அவன் மனைவி.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு அறுவை. அவள் சதைத்துணுக்கை ஒட்டிய கண்ணாடிச் சில்லு இரண்டாம் கருத்துக்காக மும்பை போய் இன்னும் திரும்பவில்லை, ஆகவே டாக்டர் ஹலகட்டி இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கே கத்தி வைப்பது என்று முடிவு செய்வார். படத்தில் கறையாகத் தெரிகிற புற்று ஓரத்தோடு நின்றிருந்தால் நகக்கண் அளவு வெட்டினால் போதும், பேச்சு தப்பிக்கும். நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால் முழு நாக்கும் போகும். அவள் ரோண் வழித்தட அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் வண்டியில் பின்படிக்கட்டில் தொங்குகிறவனை முன்பக்கத்திலிருந்தே திட்டி உள்ளே ஏற்றுகிற தொண்டை அவளுடையது. அந்தத் தொண்டைக்காகத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டான்.

செல்போன் அடித்தது. அவளேதான்.

"என்ன, தவம் பண்றீங்களா? சாப்பாட்டுக்கு வருவீங்களா, இல்ல அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தப் போறீங்களா?"

"அரை மணி நேரம், லீலா."

"உங்க அரை மணி நேரம் எனக்குத் தெரியாதா? ரொட்டி ஆறி அப்பளமாப் போகும்."

"வலிக்குதா?"

"பேசினா எரியுது. பேசாம இருந்தா அதவிட எரியுது." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஏங்க, கொஞ்சூண்டுதான வெட்டுவாங்க?"

"நகக்கண் அளவு. டாக்டர் படத்தப் பாத்து அளந்தே வச்சிருக்காரு."

"படம் பத்திரமா இருக்குல்ல?"

"மூணு இடத்துல இருக்குடி. எங்க போயிரும்?"

போனை வைத்தான். கை தன்பாட்டுக்கு விசைப்பலகைக்குப் போனது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஒரு பிரதி கெட்டால் ரிப்பேர் என்று ஒரு கட்டளை, இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை அதுவே திருத்திவிடும். எது கெட்டது என்று எவனும் திறந்து பார்ப்பதில்லை. பதினோரு வருஷத்தில் ஆயிரம் தடவை அடித்த கட்டளை. அடித்தான். மூன்று விநாடியில் முடிந்தது. எச்சரிக்கை போய்விட்டது.

மனசு கேட்காமல் படத்தைத் திறந்தான்.

இளஞ்சிவப்புச் சதை, அதன் ஓரத்தில் அவரைக்கொட்டை அளவு ஊதாக் கறை. அப்படித்தான் போன வாரம் இருந்தது. இப்போது கறை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் வரை பரவிக் கிடந்தது. விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் குஞ்சங்கள், ஒவ்வொன்றும் ஈரமாக மினுங்கியது. படத்தில் ஈரம் தெரியாது. தெரியக் கூடாது.

புது மென்பொருளோடு வந்த குறிப்பை அப்போதுதான் திறந்தான். நேற்றே படித்திருக்க வேண்டும். பதினேழாவது வரியில் இருந்தது: இனி ரிப்பேர் கட்டளை பிரதிகளை ஒப்பிடாது, முதல் பிரதியையே மெய்யென்று கொண்டு மற்றவற்றை அதைப்போல மாற்றும்.

முதல் பிரதி மலப்பிரபாவில் இருந்தது. கெட்டிருந்தது அதுதான். நல்லதாக இருந்த இரண்டையும் அவனே தன் கையால் அழித்திருக்கிறான்.

"அடப் பாவி," என்றான் வாய்விட்டு. தலையில் அடித்துக்கொண்டான். நாளைக் காலை ஹலகட்டி இதைத்தான் பார்ப்பார். இதைப் பார்த்துத்தான் வெட்டுவார். அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், மும்பையிலிருந்து சில்லு வரும்வரை அறுவையைத் தள்ளிவைக்கலாம், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, வேலை போனாலும் பரவாயில்லை. போனை எடுத்தான்.

ஸ்கிரீனில் புதிய எச்சரிக்கை. பதினான்கு படங்கள் ஒத்துப்போகவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்நூறு. அவன் எதையும் அடிக்கவில்லை. ரிப்பேர் தானாகவே ஓடியது. ஒன்றைத் திறந்தான், லட்சுமேஷ்வரத்துக் கிழவரின் கன்னச்சதை. அதே ஊதா, அதே குஞ்சங்கள். இன்னொன்று, யாரோ ஒரு பெண்ணின் மார்பு. அதே. பதினோரு வருஷத்துச் சதையெல்லாம் ஒரே சதையாகிக்கொண்டிருந்தது.

நிறுத்து என்று கட்டளை கொடுத்தான். ஏற்றுக்கொண்டது. எண்ணிக்கை நிற்கவில்லை.

கதவு திறந்தது. காவலாளி யமனூரப்பா துண்டால் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார்.

"சாரே, உள்ள எலி ஏதாச்சும் செத்துக் கெடக்கா? மேல வரைக்கும் நாறுது. ஓபிடி வாசல்ல ஒரு பொம்பள வாந்தியே எடுத்துருச்சு."

"குளிரூட்டி பழுது அண்ணா. நான் பாத்துக்கறேன்."

"இது குளிரூட்டி நாத்தமா? சீ! என் மச்சான் காலு அழுகினப்போ இப்படித்தான் நாறுச்சு." வாசலிலேயே காறித் துப்பப் போனவர், இடம் பார்த்து விழுங்கிக்கொண்டார். "நீங்களும் வெளிய வந்துருங்க சாரே. எனக்கு என்னமோ பிடிக்கல."

அவர் போன பிறகு அறையில் சத்தம் மாறியிருந்தது. மூன்று சர்வர்களின் விசிறிகளும் ஒரே சீராக இரைவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவனுடையது, ஒரு விசிறி தளர்ந்தால்கூடத் தூக்கத்தில் கண்டுபிடிப்பான். இப்போது அந்த இரைச்சலுக்கு அடியில், மலப்பிரபாவின் பக்கமிருந்து, யாரோ பல்லில்லாத வாயால் எதையோ குதப்பி, நிதானமாக, ருசித்து, எச்சில் வழிய விழுங்குவது போல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. தொண்டையில் டீ எதுக்களித்தது.

எழுந்தான். நடந்தான். தரை வழுக்கியது. பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

மலப்பிரபாவின் மின்சுவிட்சை அணைத்தான். விளக்குகள் அணைந்தன. சத்தம் நிற்கவில்லை.

பின்பக்கம் போய் மின்கம்பியையே பிடுங்கினான். குதப்பல் நிதானமாகத் தொடர்ந்தது.

டிஸ்க்குகளைக் கழற்றிவிடலாம். ஒவ்வொன்றையும் கழற்றி, செங்கல்லால் நசுக்கி, எரித்துவிடலாம். லீலாவின் படம் இருக்கும் டிஸ்க் எது என்று அவனுக்குத் தெரியும். மேலிருந்து மூன்றாவது. கைப்பிடியைத் தொட்டான்.

சூடு. உடம்புச் சூடு.

விரலில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கை மூக்குக்குப் போய்விட்டது. சீ, சீ. சட்டையில் துடைத்தான். நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்க் செருகிய தட்டை இழுத்தான். வரவில்லை. காலை ரேக்கில் ஊன்றி இழுத்தான். சளக் என்று ஒரு விரற்கடை வந்தது. பிறகு ஒரு சாண்.

தட்டின் பின்னால் சதை.

இளஞ்சிவப்பு. இடது ஓரம் ஊதா. சொரசொரப்பான மேல்தோல், நடுவில் ஒரு நீளமான பள்ளம். மேல்தோலில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அது காற்றைத் துழாவியது. அவன் மணிக்கட்டை நக்கியது.

வாந்தி எடுத்தான். கைவிட்டான். தட்டைச் சதை உள்ளே இழுத்துக்கொண்டது, ஒரு மிடறு விழுங்கும் சத்தத்தோடு. மின்சாரம் இல்லாத விளக்கு எரிந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரில் முட்டியது. பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது.

லீலா. வீடியோ அழைப்பு.

எடுத்தான். முதலில் சமையல் மேடை தெரிந்தது, பிறகு சாய்ந்த குழாய், பிறகு அவள் மோவாய். ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

"லீலா? என்ன ஆச்சு? லீலா!"

அவள் பேசப் பார்த்தாள். குழறலாக ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். போனை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து, டாக்டரிடம் காட்டுவது போலத் திறந்து காட்டினாள்.

நாக்கைக் காணோம். வாய் நிறைய ஊதா. குஞ்சங்கள் பல்லைத் தாண்டி, உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தொடாத! லீலா, தொடாத, நான் வரேன், இதோ வந்துட்டேன்..."

அவள் கண்ணில் பயத்தைவிட அருவருப்புதான் இருந்தது. சாப்பாட்டில் முடி வந்தால் வரும் அதே முகச்சுளிப்பு. இரண்டு விரலை உள்ளே விட்டாள். பிடித்தாள். இழுத்தாள்.

வந்தது.

மோவாய் வரை வந்தது. மார்பு வரை வந்தது. அவள் கை மாற்றிப் பிடித்து மறுபடி இழுத்தாள். கண்ணில் நீர் கொட்ட, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவனையே கேட்பது போலப் பார்த்துக்கொண்டு இழுத்தாள். குழாயடிப் பாத்திரத்தில் அது சுருள் சுருளாக விழுந்தது. பாத்திரம் நிரம்பி வழிந்து, தரையிலும் விழுந்தது.

இன்னும் வந்துகொண்டிருந்தது.